கையைக் கட்டிப்போடாதீர்கள், காதைச் சோதித்துப் பாருங்கள்

சைகை சொல்லிக்கொடுத்ததால்தான் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்று ஒரு குடும்பம் என் எதிரில் வந்து உட்கார்ந்தால், நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: காது டெஸ்ட் எடுத்தீர்களா? பெரும்பாலும் பதிலுக்கு ஒரு பார்வை கிடைக்கும். "காது நல்லா கேக்குதே, அதுக்கு எதுக்கு டெஸ்ட்?" என்கிற பார்வை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், பேச்சுப் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்டாகவும் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டாகவும் வேலை பார்க்கிறேன். இந்தப் பார்வையை இந்த வருடம் அளவுக்கு மேல் பார்த்துவிட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக வந்த பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஏழாம் மாதத்தில் அம்மா அவனைக் கைக்குழந்தைகளுக்கான சைகை வகுப்புக்குக் கூட்டிப்போயிருக்கிறார். பத்து மாதத்தில் பாலுக்குக் கையை மூடித் திறந்தான். இன்னும் வேண்டும் என்றால் இரண்டு கை விரல்நுனிகளையும் சேர்த்துத் தட்டினான். வீடே பூரித்துப்போனது, வாட்ஸ்அப்பில் வீடியோ பறந்தது. ஆனால் ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட வரவில்லை. பாட்டி தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "கையிலயே எல்லாம் கிடைச்சா வாய் எதுக்குத் திறக்கும்?" வகுப்பு நின்றது. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் சைகை காட்டினால் யாரும் கண்டுகொள்ளக் கூடாது, வாயால் கேட்டால்தான் பால் என்று வீட்டில் சட்டம் போட்டார்கள். பையன் கடிக்க ஆரம்பித்தான், சுவரில் தலையை முட்டிக்கொண்டான். இரண்டே கால் வயதில் "ரொம்பப் பிடிவாதம், பேச்சும் இல்லை" என்று என்னிடம் கொண்டுவந்தார்கள். டெஸ்ட் செய்தால் இரண்டு காதிலும் கேட்கும் திறன் கணிசமாகக் குறைவு. சாதாரணமாக நாம் பேசும் குரலில் பெரும்பகுதி அவனை எட்டவே இல்லை.

அவனிடம் இருந்த ஒரே மொழி அந்த நாலைந்து சைகைகள். அதையும் பிடுங்கிவிட்டு, பேசுவான் பேசுவான் என்று மாதக்கணக்கில் காத்திருந்திருக்கிறார்கள்.

பகலில் அவனைப் பார்த்துக்கொள்ளும் ஜூலு இன ஆயம்மாவுக்கு மட்டும் சந்தேகம் இருந்திருக்கிறது. துணியால் முதுகில் கட்டிக்கொண்டு வேலை செய்யும்போது கூப்பிட்டால் பையன் அசையவே மாட்டானாம். முதுகில் இருக்கும் குழந்தைக்கு நம் முகம் தெரியாது, காதை மட்டும்தான் நம்ப வேண்டும். அருமையான கவனிப்பு. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

சரி, பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். படித்தவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். கைக்கு வேலை கொடுத்தால் வாய் சோம்பேறியாகிவிடும் என்கிறார்கள். குழந்தை பேசுவது பால் வாங்குவதற்காக மட்டும் என்றால் இந்த வாதத்தை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அழுதாலே பால் கிடைக்கிறதே! அந்தக் கணக்குப்படி எந்தக் குழந்தையும் எப்போதும் பேசத் தேவையே இல்லை. குழந்தை 'இன்னும்' என்று கையால் காட்டியதும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வாயை மூடிக்கொண்டா ஊட்டுகிறீர்கள்? "இன்னும் வேணுமா? இன்னும் கொஞ்சம் பருப்பு சாதமா? இந்தா" என்கிறீர்கள். குழந்தையின் மனம் எந்தப் பொருளில் இருக்கிறதோ, அந்த நொடியில் அதற்கான சொல் காதில் விழுகிறது. பேச்சு கற்க இதைவிட நல்ல தருணம் கிடையாது. சைகைதான் அந்தச் சொல்லை உங்கள் வாயிலிருந்து வரவழைக்கிறது.

அப்புறம், பேச்சு வந்ததும் சைகையைக் குழந்தையே கைவிட்டுவிடும். கையில் ரஸ்க் இருந்தால் சைகை காட்ட முடியாது. அம்மா அடுப்பைப் பார்த்து நின்றால் காட்டியும் பயனில்லை. குரலுக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. நாம் சொல்லிக்கொடுக்காமலே குழந்தைகள் இதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். காதுகேளாத பெற்றோருக்குப் பிறந்த, காது கேட்கும் குழந்தைகளைப் பாருங்கள். பிறந்த நாளிலிருந்து வீட்டில் முழுக்க முழுக்கச் சைகை மொழிதான். அக்கம்பக்கம், உறவினர் என்று பேசுகிறவர்களோடும் பழகினால் பேச்சும் உரிய காலத்தில் வந்துவிடுகிறது. சைகை வாயைக் கட்டும் என்றால் முதலில் இவர்கள் வாய்தானே கட்டியிருக்க வேண்டும்?

சைகை வகுப்புக்குப் போன குழந்தைக்குப் பேச்சு தாமதமானால் அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. வகுப்புக்கே போகாத குழந்தைகளிலும் பேச்சு தாமதமாகிறவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பழி போட ஒரு வகுப்பு இல்லை, அவ்வளவுதான். அங்கே பழி மூன்று மொழிகள் மேல் விழும்: வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ், ஆயம்மாவிடம் ஜூலு, பிள்ளை குழம்பிவிட்டான் என்பார்கள். அதுவும் தவறு.

இதெல்லாம் வெளிநாட்டு நாகரிகம் என்று முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்வேன். டாட்டா காட்டச் சொல்லிக்கொடுத்தது யார்? விளக்கு ஏற்றியதும் "சாமி கும்பிடு" என்று ஒரு வயதுகூட ஆகாத குழந்தையின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தது யார்? பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் கை தட்டும் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்துக்கும், நிலாவைக் காட்டி அழைக்கும் அம்புலிப் பருவத்தைப் பதினைந்தாம் மாதத்துக்கும் வைத்தார்கள். என் மேசையில் இருக்கும் வளர்ச்சி அட்டவணையும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது. ஒரு வயதுக்குள் குழந்தை விரல் நீட்டிக் காட்ட ஆரம்பிக்க வேண்டும். ஒரு குழந்தையை நான் முதன்முதலில் பார்க்கும்போது எத்தனை சொல் வருகிறது என்பதைவிட விரல் நீளுகிறதா என்றுதான் கவனிப்பேன். விரலால் அம்மாவின் செருப்பைக் காட்டிக்கொண்டே "அம்மா" என்று சொல்லும் குழந்தை, இரண்டு சொல் சேர்த்துப் பேசப்போகிறது என்று அர்த்தம். 2005இல் ஜானா ஐவர்சனும் சூசன் கோல்டின்-மெடோவும் ஆய்வில் காட்டியதும் இதுதான்: கை முன்னே போகும், வாய் பின்னே வரும்.

எதிர்ப்பக்கத்தில் இருக்கிறவர்களையும் விடுவதாக இல்லை. சைகை கற்றால் அறிவு கூடும், மற்ற பிள்ளைகளுக்கு முன்பே பேசும் என்று விளம்பரம் செய்து காசு வாங்குகிறார்கள். 1980களில் கலிபோர்னியாவில் லிண்டா அக்ரடோலோ, சூசன் குட்வின் இருவரும் தொடங்கிய ஆய்வுகளில் இதற்கு ஆதரவான முடிவுகள் வந்தது உண்மைதான். ஆனால் 2013இல் பிரிட்டனில் எலிசபெத் கிர்க் குழுவினர் 40 குழந்தைகளை எட்டாம் மாதத்திலிருந்து இருபதாம் மாதம்வரை தொடர்ந்து பார்த்தார்கள். சைகை கற்ற குழந்தைகளின் பேச்சு முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. குழந்தை என்ன நினைக்கிறது என்பதை அந்த அம்மாக்கள் கூடுதலாகக் கவனித்தார்கள். எனக்கு அதுவே பெரிய லாபம். அதற்காக மாதாமாதம் காசு கட்ட வேண்டுமா என்பது உங்கள் பாடு. வகுப்பு நடத்த எந்தப் பதிவும் தேவையில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எங்களைப் போன்றவர்கள் சுகாதாரத் தொழில் கவுன்சிலில் பதிவு செய்யாமல் ஒரு குழந்தையைக்கூடப் பார்க்க முடியாது.

இன்னொன்று. வகுப்பில் கற்பது சில சொற்களுக்கான கையசைவுகள், பல அமெரிக்கச் சைகை மொழியிலிருந்து எடுத்தவை. அது சைகை மொழி ஆகாது. தென்னாப்பிரிக்கச் சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு, 2023 ஜூலையில் அது இந்நாட்டின் பன்னிரண்டாவது ஆட்சி மொழியும் ஆனது. காது கேட்கும் குழந்தை நாலு சைகை காட்டினால் கைதட்டுகிறோம். காது கேளாத குழந்தை சைகை காட்டினால் "வேண்டாம், பேசிப் பழகட்டும்" என்று கையைத் தட்டிவிடுகிறோம். காதுகேளாதவர்கள் இதைச் சொல்லிக் கோபப்படும்போது என்னிடம் பதில் இருப்பதில்லை.

இனி காது. தட்டைத் தட்டிப் பார்த்தோம், திரும்பினான் என்று சொல்லாதீர்கள். தட்டு விழும் சத்தம் பாதி காது கேட்கிற குழந்தைக்கும் கேட்கும், தரை அதிர்வதும் உங்கள் நிழல் ஆடுவதும் தெரியும். ஆறு மாதம்வரை குரல் கொடுத்து விளையாடியதும் சான்றில்லை, காது கேளாத குழந்தைகளும் அந்த வயதில் குரல் கொடுப்பார்கள். பிறவியிலேயே நிரந்தரமாகக் கேட்கும் திறன் குறைவு ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று குழந்தைகளுக்கு இருக்கிறது என்பது உலகக் கணக்கு. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காது நன்றாகக் கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். ஆகவே "எங்க பரம்பரையிலயே கிடையாது" என்பதும் செல்லாது. பிறந்ததும் எல்லாக் குழந்தைக்கும் காது பார்க்க வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் இல்லை, நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம், இதுதான் இலக்கு. இதைத் தவறவிட்டிருந்தால் ஆறு, பத்து, பதினான்காம் வாரத் தடுப்பூசிக்குப் போகும்போதாவது ரோடு டு ஹெல்த் என்கிற குழந்தையின் தடுப்பூசி, வளர்ச்சிக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து செவி பற்றிய பக்கத்தைக் காட்டிக் கேளுங்கள். குறைமாதப் பிரசவம், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், சொந்தத்தில் கல்யாணம், இவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்கவே வேண்டாம். பிறந்தபோது சரியாக இருந்த காதும் பின்னால் கெடலாம், சளியால் நடுக்காதில் நீர் தங்கியும் மந்தமாகலாம். ஒரு முறை தேறிவிட்டது என்று வாழ்நாள் முழுக்க இருந்துவிடாதீர்கள்.

சைகை சொல்லிக்கொடுங்கள், தாராளமாக. ஆறு முதல் எட்டு மாதத்தில் தொடங்கலாம். பால், இன்னும், போதும், தூக்கு என்று தினமும் தேவைப்படும் நாலைந்து போதும். கை காட்டும்போதெல்லாம் வாயால் சொல்லுங்கள், வீட்டில் எந்த மொழியோ அதில். கோணலாகக் காட்டினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள், பரீட்சை வைக்காதீர்கள். சொன்னால்தான் பால் என்று மட்டும் எந்தக் குழந்தையிடமும் பேரம் பேசாதீர்கள், தயவுசெய்து.

பத்து மாதத்தில் 'பாபாபா, தாதாதா' இல்லை, ஒரு வயதில் டாட்டாவோ விரல் நீட்டலோ இல்லை, பதினாறு மாதத்தில் ஒரு சொல் இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேரவில்லை என்றால் கிளம்பி வாருங்கள். வந்த சொல் மறைந்தால் எந்த வயதானாலும் உடனே. சைகை நிறைய இருக்கிறது, சொல் மட்டும் இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள். பிறரோடு பேச ஆசை இருக்கிறது, தடை வேறெங்கோ என்று எனக்கு அது வழிகாட்டும். "ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்", "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்கிற சமாதானங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்யாதீர்கள். நாக்கில் வசம்பு தேய்க்க வேண்டாம், அதில் உடலுக்கு ஆகாத அசரோன் இருக்கிறது. காதில் எண்ணெய் ஊற்றவும் வேண்டாம்.

டெஸ்டுக்கு வரும் நாளில் குழந்தையைக் காலையில் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள், பசியோடு கொண்டுவந்து இங்கே பால் கொடுத்துத் தூங்கவையுங்கள். மூளைத்தண்டு வரை ஒலி போகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு நல்ல தூக்கம் வேண்டும். யாராவது ஒருவர் பின் சீட்டில் உட்கார்ந்து வழியில் விளையாட்டுக் காட்டிக்கொண்டே வாருங்கள். டர்பனுக்கு வடக்கே இருக்கும் டோங்காட்டிலிருந்து என்2 நெடுஞ்சாலையில் வரும் வழியெல்லாம் தூங்கிவிட்டு, என் அறை வாசலில் கண் விழிக்கும் குழந்தைகளைத் தூங்கவைக்கிற வித்தை எனக்குத் தெரியாது.