காயைப் பிள்ளையே திருப்பட்டும்

குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருபவராக, வேலை பார்ப்பதால், "மூளைக்கு நல்லதாக ஒரு விளையாட்டுச் சாமான் சொல்லுங்கள்" என்று பெற்றோர் அடிக்கடி கேட்பார்கள். பெட்டியின்மேல் 'ஐ.க்யூ. கூடும்' என்று போட்டிருப்பதைப் பார்த்து எதையும் வாங்காதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். அப்புறமும் விடாமல் கேட்டால், வீட்டில் நாலு பேர் சேர்ந்து உட்கார முடியுமா என்று விசாரித்துவிட்டு, பிளோக்கஸ் வாங்கச் சொல்வேன்.

பிரான்சைச் சேர்ந்த பெர்னார் தவிதியான் உருவாக்கி, 2000-ல் வெளிவந்த ஆட்டம் இது. பலகையில் 20-க்கு 20, ஆக 400 கட்டங்கள். நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை என நாலு நிறம். நிறத்துக்கு 21 காய்கள். ஒரு கட்டம் அளவுள்ள காயில் தொடங்கி ஐந்து கட்டக் காய் வரை போகும். ஐந்து சதுரங்களைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டினால் கிடைக்கும் வடிவங்கள் மொத்தமே 12. அத்தனையும் இதில் உண்டு.

முதல் காயைப் பலகையின் மூலையில் வைக்க வேண்டும். அதன்பின் வைக்கும் ஒவ்வொரு காயும் நம் நிறக் காய் ஒன்றின் முனையை முனையால் தொட வேண்டும். பக்கத்தோடு பக்கம் ஒட்டக் கூடாது. அடுத்தவர் காயோடு எப்படி ஒட்டினாலும் கேள்வியில்லை. வைக்க வழியில்லாதவர் ஒதுங்க வேண்டியதுதான். கையில் மிஞ்சிய காய்களுக்குக் கட்டத்துக்கு ஒரு புள்ளி கழிப்பார்கள். எல்லாவற்றையும் வைத்து முடித்தால் 15 புள்ளி. கடைசியாக வைத்தது ஒற்றைக் கட்டம் என்றால் 20.

நாலு பேர் காயையும் கூட்டினால் 356 கட்டம்தான் வரும், பலகையில் இருப்பதோ 400. அப்படியும் பெரும்பாலும் இடம் போதாமல்தான் ஆட்டம் முடியும். எல்லாம் அந்த முனை விதி செய்கிற வேலை. தாயத்தில் தோற்றால் 'காய் விழவில்லை' என்று சொல்லித் தப்பிக்கலாம். இதில் உருட்ட ஒன்றுமில்லை. சில பிள்ளைகளுக்குக் கோபம் வருவதும் அதனால்தான்.

சரி, நான் எதைக் கவனிக்கிறேன்? பலகையை அல்ல, பிள்ளையின் கையை. 'இசட்' எழுத்துபோல் வளைந்த ஐந்து கட்டக் காயை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு வயதுப் பிள்ளை அதை இடுக்கில் வைத்துப் பார்க்கும், பொருந்தாது. கால் சுற்று சுற்றும், மறுபடி சுற்றும். சில பிள்ளைகள் காயை விட்டுவிட்டுத் தங்கள் தலையைச் சாய்ப்பார்கள். எத்தனை முறை சுற்றினாலும் அந்த இடுக்கில் அது உட்காராது, மல்லாத்திப் போட்டால்தான் உட்காரும். அந்த 12 வடிவங்களில் ஆறு இந்த வகை. மீதி ஆறில் புரட்டினால் கிடைப்பது சுற்றினாலே கிடைத்துவிடும். 'புரட்டலாமே' என்று பிள்ளைக்குத் தானாகத் தோன்றும் நேரம் விலை மதிப்பில்லாதது. முதலில் கை புரட்டும். பல ஆட்டங்களுக்குப் பிறகு காயைத் தொடாமலே, கண்ணால் பார்த்தபடி மனசுக்குள் புரட்டத் தொடங்கும்.

சரியாக அந்த நேரத்தில்தான் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும்: "கண்ணு, அதைத் திருப்பி அந்தப் பச்சைக்குப் பக்கத்துல வைடா." தாத்தாவோ அப்பாவோ, அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் திருப்பிப் பார்த்தது அவர்களுடைய மனசு. பிள்ளை செய்தது வெறும் எடுபிடி வேலை. இப்படி மாதக்கணக்கில் ஆடினாலும் பிள்ளைக்குப் பெரிதாக எதுவும் சேராது. உதவித்தான் ஆக வேண்டுமென்றால், "வேற மாதிரி வச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குத்தான் இந்த ஆட்டத்தில் இது ரொம்பக் கஷ்டம்.

சின்னக் காய்களை முதலில் தீர்த்துவிட்டு, கடைசியில் பெரியவற்றோடு முழிப்பதும் சகஜம். சொல்லித் தர வேண்டாம். நாலைந்து தோல்வி சொல்லித் தரும்.

இதை வைத்துப் பிள்ளைக்குக் குறை இருக்கிறதென்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். விளையாட்டு சோதனை அல்ல, சிகிச்சையும் அல்ல. ஏழெட்டு வயதாகியும் வடிவங்களில் தடுமாறுவதோடு, கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது வரி தவறுவது, கூட்டல் கணக்கில் ஒன்றாம் இடத்து எண் பத்தாம் இடத்துக்கு நகர்வது, சட்டைப் பொத்தான் போடத் திணறுவது எல்லாம் சேர்ந்து இருந்தால் மட்டும் என்னைப் போன்ற தெரபிஸ்டிடம் காட்டுங்கள். அப்போதும் முதலில் கண் மருத்துவர். கண்ணாடி போட்டதும் பாதிப் பிரச்சினை ஓடிவிடுகிற பிள்ளைகள் உண்டு.

விலை கட்டுப்படியாகவில்லை என்றால் வீட்டிலேயே செய்யலாம். சார்ட் அட்டையில் இரண்டு சென்டிமீட்டர் கட்டமாக 20-க்கு 20 போட்டால் பலகை 40 சென்டிமீட்டர் அகலம் வரும். கெட்டி அட்டையில் காய்களை வெட்டி, இரண்டு பக்கமும் ஒரே நிறம் பூசுங்கள். ஒரு பக்கம் வெள்ளையாக விட்டால் புரட்ட முடியாது, ஆட்டமே கெட்டுவிடும். விரல் பிடிமானம் குறைவான பிள்ளைக்குக் கடைப் பலகைதான் வசதி, கட்டங்களுக்கு விளிம்பு இருப்பதால் காய் நழுவாது. நாலு பேர் சேராத வீட்டில், இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு நிறம் எடுத்துக்கொண்டு அதே பலகையில் ஆடலாம்.

சிவப்பையும் பச்சையையும் பிள்ளை திரும்பத் திரும்ப மாற்றி எடுத்தால் கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம். பள்ளியில் யார் கண்ணிலும் படாமல் போய்விடவும் கூடும். கண் மருத்துவரிடம் காட்டும் வரை, பச்சைக் காய்களில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் ஆட்டம் நிற்காது.

வீட்டில் மூன்று வயதுக்குக் கீழ் தம்பியோ தங்கையோ இருந்தால், அந்த ஒற்றைக் கட்டக் காய் நாலும் பெட்டிக்குள் திரும்பிவிட்டதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். தொண்டையில் சிக்குகிற அளவு அது.