டைரக்டரி சர்வர்: கோப்பகமா, அடைவா?

பேரிடர் மீட்பு ஒத்திகைக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வைத்திருந்தார்கள். ஏழாம் படியில் 'கோப்பகச் சேவையகத்தை வேறு வன்பொருளில் மீட்டெடுக்கவும்' என்றிருந்தது. ஆங்கிலத்தில் அது டைரக்டரி சர்வர்; பயனர், கணினி விவரங்களை வைத்திருந்து, கேட்டால் தரும் இயந்திரம். புதிதாகச் சேர்ந்த பையன் அதைப் படித்துவிட்டு, பகிர்வுக் கோப்புறைகளைக் காப்புநகலிலிருந்து இறக்க ஆரம்பித்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. கோப்பகம் என்றால் கோப்பு இருக்கும் இடம்தானே? இந்தச் சொல்லை இதே பொருளில் எத்தனை முறைதான் பார்ப்பது!

டைரக்டரி, வழிகாட்டுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது. பெயரைச் சொன்னால் விவரம் தரும் ஏடு; தொலைபேசி டைரக்டரி போல. யூனிக்ஸ் இயங்குதளக்காரர்கள் அதைக் கோப்புப் பட்டியலுக்கு வைத்துக்கொண்டார்கள். 1988-இல் வந்த, டைரக்டரி சேவைகளுக்கான எக்ஸ்.500 தரமோ பழைய பொருளிலேயே பயன்படுத்தியது. டைரக்டரியிடம் விவரம் கேட்கும் நெறிமுறையான எல்டாப், விண்டோஸ் 2000-உடன் வந்த மைக்ரோசாஃப்டின் டைரக்டரி சேவையான ஆக்டிவ் டைரக்டரி எல்லாம் அந்த வழிதான்.

ஆக்டிவ் டைரக்டரியில் பயனர், கணினி, குழு அத்தனையும் என்டிடிஎஸ்.டிஐடி என்ற ஒரே தரவுத்தளக் கோப்பில் இருக்கின்றன. ஒற்றைக் கோப்புக்கு எதற்கு ஓர் அகம்? 'கொள்கைகளும் உள்நுழைவு நிரல்களும் இருக்கும் சிஸ்வால் கோப்புறை உண்டே' என்பார்கள். உண்டு, ஆனால் அது துணைக்கு வருவது.

பெயர் தப்பினால் வேலையும் தப்பும். கோப்பகம் என்று நினைப்பவர், நகலெடுத்தால் போதும் என்றே நினைப்பார். இங்கே மீட்பது கணினி நிலையை (சிஸ்டம் ஸ்டேட்) முழுதாக. பதிவகமும் (ரெஜிஸ்ட்ரி) இயக்கிகளும் (டிரைவர்) கூடவே வரும். புது இயந்திரத்தில் வட்டுக் கட்டுப்படுத்தி வேறென்றால் துவக்கத்திலேயே விண்டோஸ் முடங்கி நீலத்திரை. காப்புநகலுக்கு வயது வரம்பும் உண்டு, இப்போதெல்லாம் வழக்கமாக 180 நாள். ஒத்திகையைத் தனி வலையில்தான் நடத்த வேண்டும். பழைய நினைவோடு எழுந்த சர்வர், நிஜ வலையில் அதே டைரக்டரியை வைத்திருக்கும் கூட்டாளி சர்வர்களோடு பேசினால் வம்பு. கோப்புறைக்கு இந்தத் தொல்லை ஏதாவது உண்டா?

என் தேர்வு அடைவு. ஒழுங்கு, முறை என்று பொருள். சொல்லடைவு, பொருளடைவு என்று நூல்களின் பின்பக்கத்தில் காலங்காலமாக இருக்கிறது. தேடினால் இடம் காட்டும். லினக்ஸ் தமிழாக்கங்களில் அடைவு என்று கோப்புறையைச் சொல்வதுண்டு, குழம்பாதா என்று கேட்கலாம். கோப்புறை என்ற நல்ல சொல் இருக்கும்போது அதற்கு அடைவு எதற்கு? சேவையகமும் எனக்கு ஒட்டவில்லை. சர்வருக்கு வழங்கி என்றால் நாலெழுத்தில் முடிந்தது. ஆக, அடைவு வழங்கி.

அப்படியே திருத்தி அனுப்பினேன். அடுத்த பதிப்பில், கோப்புகள் நிஜமாகவே இருந்த கோப்பகங்களும் அடைவாகிவிட்டன. மொத்தமாகத் தேடி மாற்றியிருக்கிறார்கள்.