வண்டியின் சாய்வை அளக்கும் சில்லும் அதற்கான மெத்தையும்

தானே கோடு பிடித்து உழும் டிராக்டரின் கூரையில், தரையிலிருந்து சுமார் 3 மீட்டர் உயரத்தில் ஜிபிஎஸ் ஆன்டெனா இருக்கும். நல்ல ஆர்டிகே கருவி (தரை நிலையத்தின் உதவியோடு ஜிபிஎஸ் பிழையைத் திருத்துவது) என்றால் 2 செ.மீ. துல்லியத்தில் இடத்தைச் சொல்லிவிடும். ஆனால் அது சொல்வது ஆன்டெனா இருக்கும் இடத்தைத்தான், கலப்பை இருக்கும் இடத்தை அல்ல. ஒரு பக்கச் சக்கரம் மேட்டில் ஏறி வண்டி 5 டிகிரி சாய்ந்தால் போதும், கூரை பக்கவாட்டில் 26 செ.மீ. நகர்ந்துவிடும். கலப்பை கோட்டிலேயே இருக்கும். வண்டியே விலகிவிட்டது என்று நினைத்துக் கணினி ஸ்டீயரிங்கைத் திருப்பும். இந்தக் கோளாறைத் தீர்க்க வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று நொடிக்கு நூறு முறையாவது தெரிய வேண்டும். அதைச் சொல்வதுதான் நிலைம உணரியின் வேலை.

டிரோனிலும், தன்னைத் தானே சமன் செய்துகொள்ளும் இரண்டு சக்கர வண்டியிலும், ராக்கெட்டிலும் இதே வேலைதான். அளவும் விலையும்தான் மாறும். எளிதாகக் கிடைக்கும் நிலைம உணரியான எம்பியூ-6050 சில்லை (சிப்) எடுத்துக்கொள்வோம். நீளமும் அகலமும் 4 மி.மீ., தடிமன் 0.9 மி.மீ. அதற்குள் மூன்று அச்சு முடுக்கமானியும், சுழற்சி வேகத்தை அளக்கும் மூன்று அச்சு ஜைரோவும் இருக்கின்றன.

முடுக்கமானி என்பது சிலிக்கானிலேயே செதுக்கிய வில்களில் தொங்கும் நுண்ணிய எடைக்கட்டி. வண்டி முடுக்கம் பெறும்போது கட்டி பின்தங்கும். அதன் விரல்களுக்கும் பக்கத்துச் சுவர் விரல்களுக்கும் இடையிலுள்ள மின்தேக்குத்திறன் மாறும். அந்த மாற்றம் எண்ணாக வெளியே வரும். மேசை மேல் சும்மா வைத்தால் மேல்நோக்கிய அச்சில் 1 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு) காட்டும், கீழே விழும்போது சுழி (பூஜ்யம்) காட்டும். அதாவது, அது அளப்பது புவியீர்ப்பை அல்ல. தன்னைத் தாங்கிப் பிடித்திருக்கும் விசையை. அசையாத வண்டியில் இரண்டும் ஒன்றே என்பதால், பக்கவாட்டு எண்ணைச் செங்குத்து எண்ணால் வகுத்து ஆர்க் டேன்ஜென்ட் எடுத்தால் சாய்வு கிடைத்துவிடும்.

வண்டி ஓட ஆரம்பித்ததும் இந்தக் கணக்கு பிசகும். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் 50 மீட்டர் ஆர வளைவில் திரும்பினால் பக்கவாட்டு முடுக்கம் நொடி வர்க்கத்துக்கு 2 மீட்டர். சமதளச் சாலையில்கூட முடுக்கமானி 11 டிகிரிக்கு மேல் சாய்ந்துவிட்டதாகக் காட்டும்.

ஜைரோவுக்கு இந்தக் குழப்பம் இல்லை. அதற்குள்ளும் எடைக்கட்டிகள்தான், ஆனால் அவை ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருப்பவை. இந்தச் சில்லில் எக்ஸ் அச்சுக்கு 33, ஒய்க்கு 30, இசட்டுக்கு 27 கிலோஹெர்ட்ஸ். சில்லு சுழலும்போது கோரியாலிஸ் விசை அந்தக் கட்டிகளைக் குறுக்கே தள்ளும். தள்ளலின் அளவே சுழற்சி வேகம். அதை நேரத்தோடு பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் கோணம் வரும். சிக்கல் என்னவென்றால், சுழலாதபோதும் அது சுழி காட்டாது. இந்தச் சில்லின் தொடக்கச் சுழிப்பிழை நொடிக்கு 20 டிகிரி வரை இருக்கலாம் என்று அதன் தரவுத்தாளே சொல்கிறது. வண்டி அசையாமல் நிற்கும்போது ஐந்தாறு நொடி சராசரி எடுத்துக் கழித்தாலும், வெப்பநிலை மாற மாற மிச்சம் ஏறிக்கொண்டே இருக்கும். நொடிக்கு 0.1 டிகிரி மிச்சம் நின்றால் ஒரு நிமிடத்தில் 6 டிகிரி.

ஆகவே ஒன்று உடனடி நேரத்தில் தடுமாறும், மற்றது நீண்ட நேரத்தில் நழுவும். இரண்டையும் சேர்க்கும் மிக எளிய வழி: ஜைரோ கூட்டிய கோணத்தில் 98 பங்கு, முடுக்கமானியின் கோணத்தில் 2 பங்கு. நொடிக்கு 100 முறை இதைச் செய்தால், ஏறக்குறைய அரை நொடிக்குக் குறைவான அசைவுகளுக்கு ஜைரோவை நம்புவோம், அதற்கு மேல் முடுக்கமானியை. டிராக்டருக்கு அரை நொடி போதாது, வளைவில் ஏமாந்துபோகும். 99.6க்கு 0.4 என்று மாற்றினால் இரண்டரை நொடி ஆகும். கால்மன் வடிகட்டி இதையே அந்தந்தக் கணத்தின் நம்பகத்துக்கு ஏற்ப எடைபோட்டுச் செய்கிறது. திசையை, அதாவது வண்டி வடக்கே நிற்கிறதா கிழக்கே நிற்கிறதா என்பதை, முடுக்கமானியால் ஒருபோதும் சொல்ல முடியாது. அதற்குக் காந்தமானியோ இரட்டை ஆன்டெனாவோ வேண்டும்.

இனி அதிர்ச்சிக்கு வருவோம். இந்தச் சில்லு 10,000 ஜி அதிர்ச்சி தாங்கும் என்று தரவுத்தாளில் இருக்கும். பார்த்தால் பீரங்கிக் குண்டு கணக்கு மாதிரி தெரியும். உண்மையில் அது ஒரு மேசை விளிம்பின் கணக்கு. விழும் பொருள் சீராக நிறுத்தப்பட்டால், ஜி மதிப்பு என்பது விழுந்த உயரத்தை நிற்க எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்த எண். சில்லு பொருத்திய மின்சுற்றுப் பலகை 1 மீட்டரிலிருந்து சிமென்ட் தரையில் விழுந்து 0.1 மி.மீ.க்குள் நின்றால் 10,000 ஜி ஆகிவிட்டது. அதே பலகைக்கு அடியில் 1 செ.மீ. அமுங்கும் நுரை இருந்தால் 100 ஜி. நிஜத்தில் உச்சம் இதைப்போல இரண்டு மடங்கு வரலாம், ஆனாலும் கணக்கின் பாடம் மாறாது: உடையாமல் காப்பது நுரையின் மென்மை அல்ல, அது கொடுக்கும் தூரம். கூடு இறுக்கமாக இருந்து பலகை சுவரில் போய் முட்டினால், மெத்தையே இல்லாததைவிட மோசம். எல்லாப் பக்கமும் 3 மி.மீ. இடைவெளி விட்டு, முட்டும் இடங்களில் மெல்லிய ரப்பர் ஒட்டுங்கள்.

ஆனால் ஓடும் வண்டியில் சில்லு உடைந்து நான்கு பேர் அழுத கதை அபூர்வம். பெரும்பாலும் நடப்பது வேறு: சில்லு உயிரோடு இருந்துகொண்டே தவறாகச் சொல்லும். எம்பியூ-6050 மின்சாரம் வந்ததும் ±2 ஜி வரம்பில்தான் எழும். அதை மாற்ற மறந்தவர்கள் ஏராளம். டிரோன் அந்தரத்தில் நிற்கிறது, மோட்டார் அதிர்வு மேலும் கீழும் 3 ஜி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 ஜி ஈர்ப்போடு சேர்ந்து உண்மையான மதிப்பு +4க்கும் −2க்கும் இடையே தாவும். சராசரி 1, சரி. சில்லோ +2க்கு மேல் எண்ண முடியாமல் அங்கேயே வெட்டிவிடும். +2, −2, +2, −2. சராசரி சுழி. 'நான் கீழே விழுந்துகொண்டிருக்கிறேன்' என்று கட்டுப்பாட்டுக் கணினி முடிவுசெய்து மோட்டாரை முறுக்கும். அதிர்வு இன்னும் கூடும். உயரத்தைப் பிடித்து நிற்க வேண்டிய டிரோன் வானத்தை நோக்கிக் கிளம்பிவிடும். பயனர் ஜிபிஎஸ்ஸைத் திட்டிக்கொண்டிருப்பார்.

வரம்பை ±16 ஜி ஆக்கினால் நுணுக்கம் போய்விடுமே என்ற பயம் தேவையில்லை. அப்போதும் 1 ஜிக்கு 2,048 படிகள். ஒரு படி 0.03 டிகிரிக்கும் குறைவான சாய்வு. சில்லின் சொந்த இரைச்சல் அதைவிடப் பெரியது.

இந்த வெட்டு எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்குச் செவ்வாயில் ஒரு சான்று கிடக்கிறது. 2016 அக்டோபர் 19 அன்று ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஷியாபரெல்லி தரையிறங்கு கலம் சுமார் 12 கி.மீ. உயரத்தில் பாராசூட்டை விரித்தது. விரிந்த வேகத்தில் கலம் ஆடிய ஆட்டத்தில், சுழற்சி உணரி ஏறத்தாழ ஒரு நொடி தன் உச்ச வரம்பிலேயே நின்றுவிட்டது. எதிர்பார்த்ததைவிட நீண்ட நேரம். மென்பொருள் அந்த உச்ச மதிப்பை உண்மை என்றே எடுத்துக் கூட்டியது. விளைவு, கலம் ஏறக்குறைய தலைகீழாக இருப்பதாக அதன் கணக்கு. பிறகு ரேடார் தரையின் தூரத்தைச் சரியாகவே அளந்தது. அந்தத் தூரத்தைச் சாய்வுக் கோணத்தின் கோசைனால் பெருக்கித்தான் உயரம் காண வேண்டும். 90 டிகிரிக்கு மேல் கோசைன் எதிர்மறை. உயரம் தரைக்குக் கீழே என்று வந்தது. தரையைத் தொட்டாயிற்று என்று நம்பிய கலம் பாராசூட்டைக் கழற்றி, உந்துபொறிகளைச் சில நொடிகளிலேயே அணைத்தது. அப்போது உண்மையான உயரம் சுமார் 3.7 கி.மீ. உணரிக்குக் கீறல்கூட விழவில்லை. 'வரம்பில் முட்டி நிற்கிறேன்' என்ற செய்திக்கு என்ன செய்வது, 'உயரம் எதிர்மறை' என்றால் நம்பலாமா என்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் சரியான பதில் இல்லாமல் போயிற்று.

இன்னொரு பொய், மாதிரி எடுப்பதில் ஒளிந்திருக்கிறது. நொடிக்கு 100 முறை படிக்கும் உணரிக்கு 99 ஹெர்ட்ஸ் அதிர்வு, நொடிக்கு ஒருமுறை மெல்ல ஆடும் ஊஞ்சலாகத் தெரியும். படித்த பிறகு எந்த வடிகட்டி போட்டாலும் அதை நீக்க முடியாது, ஏனென்றால் உண்மையான சாய்வும் அதே உருவில்தான் இருக்கும். எனவே சில்லுக்குள்ளேயே இருக்கும் தாழ்நிலை வடிகட்டியை (வேகமான அதிர்வைத் தடுத்து மெதுவான அசைவை மட்டும் விடுவது) பயன்படுத்துங்கள். டிராக்டருக்கு 21 ஹெர்ட்ஸ் நிலை பொருந்தும். அதற்கான தாமதம் 8.5 மில்லிநொடி. டிரோனுக்கு இந்தத் தாமதம் அதிகம். அங்கே நொடிக்கு ஆயிரம் முறையோ அதற்கு மேலோ படித்து, வடிகட்டியை மேலே நகர்த்தி, அதிர்வை மெத்தையில் வாங்கிக்கொள்வதே சரி.

மெத்தையில்தான் பெரும்பாலானோர் சறுக்குவார்கள். பலகைக்கு அடியில் இரட்டைப் பக்க நுரை டேப்பை ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். முடியவில்லை. அந்தப் பலகையின் எடை 2 கிராம் அளவுதான். 2 கிராமுக்கு நுரை அமுங்கவே அமுங்காது. எடையும் வில்லும் சேர்ந்த அமைப்பின் இயல்பு அதிர்வெண்ணைப்போல (தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம்) 1.4 மடங்குக்கு மேலுள்ள அதிர்வுகளைத்தான் மெத்தை தடுக்கும். அதற்குக் கீழே அப்படியே கடத்தும். இயல்பு அதிர்வெண்ணிலேயே வந்தால் பெருக்கிவிடும். டேப்பின் இயல்பு அதிர்வெண் மோட்டாரின் அதிர்வெண்ணுக்கு வெகு மேலே நிற்கும். ஒட்டியதற்கும் ஒட்டாததற்கும் வித்தியாசமில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மோட்டார் நிமிடத்துக்கு 9,000 சுற்று, அதாவது 150 ஹெர்ட்ஸ். நான்கில் ஒரு பங்கான 37 ஹெர்ட்ஸில் மெத்தையை வைத்தால் அதிர்வு பத்தில் ஒரு பங்காகும். 2 கிராம் பலகைக்கு 37 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால், 11 கிராம் வைத்தால் 1 மி.மீ. அமுங்கும் அளவுக்கு மெத்தை இளகியிருக்க வேண்டும். அப்படி ஒன்றைக் கட்டி நிற்கவைப்பது பெரும்பாடு. அதனால் உணரியை ஒரு பித்தளைத் தகட்டில் இறுக்கமாகத் திருகி மொத்த எடையை 30 கிராம் ஆக்குங்கள். இப்போது 165 கிராமுக்கு 1 மி.மீ. அமுங்கினால் போதும். நான்கு மூலையிலும் சிலிக்கோன் ஜெல் குமிழ்கள் வைத்து, சமையலறைத் தராசின் மேல் வைத்து அழுத்தி அளந்துவிடலாம். நுரையும் ஜெல்லும் வேகமான அசைவுக்குச் சற்று விறைப்பாக நடந்துகொள்ளும் என்பதால், கணக்கைவிடக் கொஞ்சம் இளகியதாக எடுப்பது நல்லது. இன்னும் இளக்கலாமே என்று போனால் வேறு தொல்லை: வண்டி திரும்பிய பிறகுதான் உணரி திரும்பும், கட்டுப்பாடு தாமதமாகத் திருத்தும், வண்டி தானாகவே ஆட ஆரம்பிக்கும்.

டிரோனில் வேலை செய்த இந்த மெத்தையைக் கழற்றி டிராக்டரில் போடாதீர்கள். நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். நிமிடத்துக்கு 1,100 சுற்றில் அது 37 ஹெர்ட்ஸ். மெத்தையின் ஒத்ததிர்வில் நேராகப் போய் உட்கார்ந்துவிடும். மூன்று மடங்குக்கு மேல் பெருக்கும். டிராக்டரில் கேபினின் கனமான சட்டத்தில் உணரியை இறுகத் திருகி, வரம்பை விரித்து, வடிகட்டியை நம்புவதே என் கட்சி. கேபினே ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருந்தால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும்.

சின்ன விஷயங்களில் பாழாவதுதான் அதிகம். மெத்தை வைத்த பலகைக்கு விறைப்பான ஒயர் கொடுத்தால் அதிர்வு ஒயர் வழியாக ஏறிவரும். மெல்லிய சிலிக்கோன் ஒயரை ஒரு வளையம் தளர்வாக விட்டு இணைக்க வேண்டும். தகட்டின் எடை மையம் நான்கு குமிழ்களின் தளத்திலேயே இருக்க வேண்டும். மேலே தூக்கலாக இருந்தால், நேர்கோட்டு அதிர்வு தலையாட்டலாக மாறி ஜைரோவில் ஏறும். திருகு துளைக்குப் பக்கத்தில் சில்லு இருந்தால், திருகை இறுக்கும்போது பலகை வளைந்து சுழிப்பிழை மாறும். நீர் புகாமலிருக்கச் சில்லின் மேல் எப்பாக்ஸி ஊற்றினால், அது இறுகும்போது இதே தொல்லை. சால்டர் அழுக்கைப் போக்க அல்ட்ராசோனிக் தொட்டியில் பலகையைப் போடவே கூடாது. தொட்டியின் ஒலி கட்டியின் அதிர்வெண்ணை நெருங்கினால் உள்ளிருக்கும் வில் முறிந்துபோகலாம்.

பொருத்தும் திசையையும் கண்ணால் நம்பக்கூடாது. 2013 ஜூலை 2 அன்று பைக்கனூரிலிருந்து கிளம்பிய புரோட்டான்-எம் ராக்கெட் அரை நிமிடத்தில் விழுந்து வெடித்ததற்குக் காரணம், கோண வேக உணரிகள் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்ததே. வண்டியை இடப்பக்கம் சாயுங்கள், மூக்கைத் தூக்குங்கள், வலப்பக்கம் திருப்புங்கள். ஒவ்வொன்றிலும் திரையில் குறி சரியாக வருகிறதா என்று பாருங்கள். ஒரு நிமிட வேலை.

ஓட்டிய பிறகு பதிவைப் பார்க்க வேண்டும். டிரோன்களை இயக்கும் ஆர்டுபைலட் மென்பொருளில் அதிர்வு மதிப்பு 30க்குக் கீழே இருந்தால் பொதுவாகப் பரவாயில்லை, 60ஐத் தாண்டினால் தொல்லை ஏறத்தாழ நிச்சயம். வரம்பில் வெட்டுப்பட்ட எண்ணிக்கை தனியாக வரும். அது சுழியாகவே இருக்க வேண்டும்.

வண்டி ஒருமுறை பலமாக விழுந்துவிட்டால், சில்லை ஆறு முகங்களிலும் சமதளத்தில் வைத்து ஒவ்வொரு அச்சின் பெரும மதிப்பையும் சிறும மதிப்பையும் குறியுங்கள். இரண்டின் கூட்டலில் பாதி சுழிப்பிழை, கழித்தலில் பாதி அளவுகோல். புதிதாக வாங்கிய அன்று எடுத்த எண்களோடு ஒப்பிடுங்கள். அதே வெப்பநிலையில் ஓர் அச்சு மட்டும் 50 மில்லி ஜி தள்ளியிருந்தால், அந்தச் சாய்வுக் கணக்கில் 3 டிகிரி பிழை. கூரை ஆன்டெனாவில் 15 செ.மீ. அந்தச் சில்லை மாற்றிவிடுங்கள்.