ஒரு பையனுக்கு மூன்று புத்தகப்பை

இரண்டு ஆண்டுகளுக்கு முன், திருப்பத்தூர் மாவட்டத்தின் ஒரு சிறு நகரத்தில், கிளை நூலகத்தின் நீண்ட மேசைமேல் நான்கு பதிவேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தோம். கோயில் திருவிழாக் குழு, ஜமாஅத்தின் கல்விக் குழு, மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டமைப்பு, ஒரு கபடிக் குழு ஆகிய நான்கும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு என்னென்ன செய்தன என்பது அவற்றில் எழுதப்பட்டிருந்தது. ஒரே பையனின் பெயர் மூன்று பதிவேடுகளில் இருந்தது. மூன்றிலும் அவன் புத்தகப்பை வாங்கியிருந்தான். மறுநாள் அவன் வீட்டுக்குப் போனபோது அந்தப் பைகளில் ஒன்றைத் தங்கை பள்ளிக்குக் கொண்டுபோயிருந்தாள், இன்னொன்று கண்ணில் படவில்லை, மூன்றாவது ரேஷன் அட்டையும் மின் கட்டண அட்டையும் வைக்கும் பையாக ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பையன் பத்தாம் வகுப்பில் இரண்டு பாடங்களில் தோற்று ஓராண்டு ஆகியிருந்தது. விடியற்காலையில் ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி, பெங்களூரில் ஒரு காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்கிவிட்டு, இரவு வீடு திரும்பிக்கொண்டிருந்தான். இந்தச் செய்தி நான்கு பதிவேடுகளில் எதிலும் இல்லை.

சமூகப் பணியாளராகப் பதினான்கு ஆண்டுகள் இந்தப் பகுதியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் ஊர்களில் இளைஞர்களுக்கு உதவ நினைக்கும் அமைப்புகளுக்குக் குறைவில்லை. குறை என்னவென்றால், எல்லோருக்கும் கண்ணில் படுவது மேடைக்கு வந்து பரிசு வாங்கும் பிள்ளைதான். சேர்ந்து பணியாற்றுவது என்றால் எல்லாச் சங்கங்களின் சின்னங்களையும் ஒரே ஃபிளெக்ஸ் பேனரில் அச்சடிப்பது என்ற அளவிலேயே நெடுங்காலம் நாங்களும் புரிந்துவைத்திருந்தோம். யார் சின்னம் முதலில் வர வேண்டும் என்பதைப் பேசித் தீர்க்கவே ஒரு மாலைப் பொழுது போய்விடும்.

கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கே பொருந்தும். அந்த வயதுவரை பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் தேடிப் போகும் கடமை யாருக்காவது இருக்கிறது. பதினைந்து, பதினாறு வயதில் பத்தாம் வகுப்பில் தோற்றவனைத் தேடிப் போக அந்தச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. மே மாதத்தில் தேர்வு முடிவு வருகிறது. ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ துணைத் தேர்வு நடக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கச் சில நாள்களே தரப்படுகின்றன. தோற்ற பாடத்தை மட்டும் எழுதினால் போதும் என்பதும், அதில் வென்றால் அதே ஆண்டில் பதினொன்றாம் வகுப்பில் சேரலாம் என்பதும் பல வீடுகளுக்குத் தெரிவதில்லை. மதிப்பெண் வந்த அன்றே பையன் அவமானத்தில் உறவினர் ஊருக்குப் போய்விடுகிறான். திரும்பி வரும்போது விண்ணப்ப நாள் கடந்திருக்கிறது.

இதைவிடவும் எனக்கு வருத்தம் தரும் அறியாமை ஒன்று உண்டு. பத்தாவது தோற்றால் ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையத்திலும் இடமில்லை என்று படித்தவர்கள்கூடச் சொல்கிறார்கள். ஃபிட்டர் போன்ற பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்பது உண்மை. வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் மிதிவண்டியும் பேருந்துப் பயண அட்டையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு, 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1000 ரூபாய் தருகின்றன. ஆக, கதவு திறந்தே இருக்கிறது. தேர்வு முடிவு வந்த ஆறேழு வாரங்களுக்குள் பையனை அங்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்த ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் ஒரே அமைப்புக்குள் கிடைப்பதில்லை என்பதை நூலக மேசையில்தான் கண்டோம். எந்த வீட்டில் கடன் தவணை நெருக்குகிறது, எந்த வீட்டில் அப்பா மூன்று மாதமாக வேலைக்குப் போகவில்லை என்பதெல்லாம் மகளிர் குழுவின் அக்காமார்களுக்குத் தெரியும். பையன் எங்கே இருக்கிறான், யார் சொன்னால் கேட்பான் என்பது கபடிக் குழுவின் கேப்டனுக்குத் தெரியும். பெற்றோருக்கே தெரியாததும் அவருக்குத் தெரியும். மாற்றுச் சான்றிதழும், கல்வித் துறைப் பதிவில் மாணவனை அடையாளம் காட்டும் எமிஸ் எண்ணும் தலைமையாசிரியரிடம் இருக்கின்றன. பேருந்துச் செலவுக்கும் சீருடைக்கும் உடனே பணம் எடுத்துத் தரக்கூடியவர்கள் ஜமாஅத்தும் திருவிழாக் குழுவும். நூலகருக்குப் பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஆனால் எந்தச் சாதியாரும் எந்த மதத்தாரும் எந்தக் கட்சிக்காரரும் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய ஒரே கூரை அவருடையது. அது சின்ன விஷயமில்லை என்பது எங்கள் ஊர்களில் கூட்டம் கூட்டிப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

எனவே நிகழ்ச்சிகளைச் சேர்ந்து நடத்துவதை நிறுத்திவிட்டு, பெயர்களைப் பங்கிட்டுக்கொண்டோம். தேர்வு முடிவு வந்த வாரத்தில், தோற்றவர்களும் தேர்வுக்கே வராதவர்களும் யார் யார் என்று பார்த்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒருவர் கையெழுத்திட வேண்டும். ஆகஸ்ட் முடியும் வரை அந்தப் பிள்ளைக்கு அவர் பொறுப்பு. அமைப்பின் பெயரை அந்த இடத்தில் எழுதக் கூடாது, ஆளின் பெயரையே எழுத வேண்டும் என்று முடிவு செய்தோம். சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று எழுதினால் யாரும் பார்த்துக்கொள்வதில்லை.

முதல் ஆண்டில் நாங்கள் செய்த பிழையை மறைப்பதற்கில்லை. எங்களில் ஒருவர் நல்ல எண்ணத்தோடு அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப் குழு ஒன்றில் போட்டுவிட்டார். பட்டியலில் ஒரு பெண்பிள்ளையின் பெயருக்கு எதிரே, வீட்டில் திருமணப் பேச்சு நடக்கிறது என்று எழுதியிருந்தோம். அன்று மாலையே அது அவள் தகப்பனார் கைக்குப் போயிற்று. அடுத்த வாரம் அவளை வேறு ஊரில் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளை மீண்டும் தேர்வு எழுத வைக்க ஓராண்டு ஆனது. அதன்பின் பட்டியல் ஒரே ஒரு நோட்டில், நூலகத்தின் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. பிள்ளையின் பெயரும் பொறுப்பாளரின் பெயரும் தவிர வேறெதுவும் அதில் எழுதுவதில்லை. குழந்தைத் திருமணமோ வன்கொடுமையோ நடக்கும் என்ற ஐயம் வந்தால் அதைக் கூட்டத்தில் பேசாமல் நேரடியாகக் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்ல வேண்டும். பாலியல் குற்றமாக இருந்தால் காவல் துறைக்குத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். குடும்ப மானம், ஊர்ப் பெயர் என்று பெரியவர்கள் பேசித் தீர்க்க அதில் இடமே கிடையாது. பிள்ளைகளோடு பழகப் போகும் தன்னார்வலர் யார், எப்படிப்பட்டவர் என்று விசாரிக்காமல் ஒருவரையும் அனுப்பக் கூடாது என்பதையும், சிலர் முகம் சுளித்தாலும், விதியாகவே வைத்தோம்.

பணத்தைப் பற்றிய சண்டை நான் அஞ்சிய அளவுக்கு வரவில்லை. பொது நிதி என்று ஒன்றைத் தொடங்காமல், அவரவர் பணம் அவரவர் கணக்கிலேயே இருக்கட்டும், தேவைப்படும்போது நேராகக் கட்டிவிடட்டும் என்று திருவிழாக் குழுவின் பொருளாளர் சொன்ன யோசனைதான் காரணம். முப்பது ஆண்டுகளாக உண்டியல் எண்ணியவரின் அனுபவம் அது.

வேறு ஊர்களில் தொடங்க நினைப்பவர்கள் புதிதாக ஒரு கூட்டமைப்பைப் பதிவு செய்ய அலைய வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்கிறார்கள். அதன் மே மாதக் கூட்டத்துக்கு மற்ற அமைப்புகளிலிருந்து ஒவ்வொருவரை அழைத்தாலே போதும். ஊராட்சியாக இருந்தால் மே 1 கிராம சபையில் இதைப் பேசலாம். நான் முதல்வன் திட்டத்தின் கீழ் நடக்கும் உயர்வுக்குப் படி முகாம்களில், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் படிப்பை விட்டவர்களுக்குச் சேர்க்கை, சான்றிதழ், கடன் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. அங்கேயும் கூட்டி வரும் ஆள்தான் குறைவு. சேர்க்கையிலோ தேர்விலோ ஐயம் வந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417-ஐ அழைக்கலாம்.

மூன்று பை வாங்கிய பையனைப் பார்க்கக் கபடிக் கேப்டன் நான்கு நாள் விடியற்காலையில் ஜோலார்பேட்டை நடைமேடையில் காத்திருந்தார். வீட்டில் அவன் விழித்திருக்கும் நேரமே இல்லை. “அண்ணா, கணக்கு மட்டும் என்னால முடியாது” என்று அவன் சொன்னபோது, கணக்கில்லாமலே சேர ஒரு வழி உண்டு என்று அவர் சொல்லியிருக்கிறார். துணைத் தேர்வில் அறிவியலில் தேறினான், கணக்கில் மீண்டும் தோற்றான். எட்டாம் வகுப்புத் தகுதியில் வயர்மேன் பிரிவில் சேர்ந்து இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இன்னும் பெங்களூருக்கு மூட்டை இறக்கப் போகிறான். அம்மா வாங்கிய கடனில் ஏழு தவணைகள் பாக்கி இருக்கின்றன; அதற்கு எதிரே கையெழுத்திட எங்கள் மேசையில் இதுவரை எவரும் முன்வரவில்லை.