மரபு நினைவகம்

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தில் பணியாற்றியவர்கள் ‘கன்வென்ஷனல் மெமரி’ என்ற தொடரை அறிவார்கள். கணினி நினைவகத்தின் முதல் 640 கிலோபைட்டை அது குறிக்கும். எத்தனை மெகாபைட் பொருத்தியிருந்தாலும், சாதாரண டாஸ் நிரல்கள் அதற்குள்ளேயே அடங்கி இயங்க வேண்டியிருந்தது.

இதை டாஸின் குறையாக மட்டும் கூறுவது பொருந்தாது. 1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் இன்டெல் 8088 செயலிக்கு, நினைவக இடங்களைச் சுட்டும் முகவரித் தடங்கள் இருபதே இருந்தமையால், அது 10,48,576 பைட்டுகளை, அதாவது ஒரு மெகாபைட்டை மட்டுமே சுட்ட முடிந்தது. அதன் மேற்பகுதியில் 384 கிலோபைட்டைத் திரை நினைவகத்துக்கும், கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை நிரலான பயாஸுக்கும் இணைப்பு அட்டைகளுக்கும் ஒதுக்கியபின் எஞ்சியதே 640. அப்பிசியின் தொடக்க மாதிரியில் 16 கிலோபைட்டே இருந்ததால், 640 கிலோபைட் என்பது அன்று தாராளமானதுதான்.

அக்காலத்தில் இதற்குத் தனி அடைமொழி தேவைப்படவில்லை. வேறுவகை நினைவகங்கள் வந்த பின்னரே, பழையதைப் பிரித்துக் காட்ட ‘கன்வென்ஷனல்’ என்ற அடை பயன்பட்டது. ஒன்றுகூடுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்த அச்சொல், உடன்பாடு என்றாகி, பின்னர் வழக்கம் என்ற பொருளை அடைந்தது. ‘வழக்கமான நினைவகம்’ என்று பெயர்ப்பது பிழையன்று. ஆயினும், பழைய நிரல்கள் இயங்க வேண்டும் என்பதற்காகவே பின்னாளில் வந்த 386, 486 செயலிக் கணினிகளிலும் இந்த அமைப்பு வழிவழியாகக் காக்கப்பட்டதால், ‘மரபு நினைவகம்’ என்பதே பொருத்தமானது.

உண்மையான குழப்பம், பின்னர் வந்த ‘எக்ஸ்பாண்டெட் மெமரி’, ‘எக்ஸ்டெண்டெட் மெமரி’ என்னும் இரண்டையும் ‘விரிவாக்கப்பட்ட நினைவகம்’ என்றே எழுதுவதில் இருக்கிறது. முன்னது, லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்கள் 1985இல் வகுத்த முறை. தனி அட்டையிலுள்ள நினைவகத்தை 16 கிலோபைட் பக்கங்களாக்கி, ஒரு மெகாபைட்டுக்கு உட்பட்ட 64 கிலோபைட் சாளரத்தின் வழியே மாற்றி மாற்றிக் காட்டுவது. இதில் எதுவும் விரிவதில்லை; எனவே ‘பக்கமாற்று நினைவகம்’ என்று செயலைச் சொல்லியே பெயரிடலாம். பின்னது, 8088க்குப் பின் வந்த இன்டெல் 80286 செயலியின் 24 முகவரித் தடங்களால் ஒரு மெகாபைட்டைக் கடந்து 16 மெகாபைட் வரை நீளும் பகுதி. அதற்கு ‘நீட்சி நினைவகம்’ தகும்.

1991இல் வந்த டாஸ் 5, நீட்சி நினைவகத்தின் முதல் 64 கிலோபைட்டுக்குத் தன்னில் பெரும்பகுதியை மாற்றிக்கொண்டு, மரபு நினைவகத்தில் நிரல்களுக்கு இடம்விட்டது. அப்பகுதியை ‘உயர் நினைவகம்’ என்றும், 640க்கு மேலுள்ள 384 கிலோபைட்டை ‘மேல் நினைவகம்’ என்றும் பிரித்து எழுதுவது அவசியம்.