இன்செல்பெர்க் என்னும் தனிக்குன்று

திருப்பத்தூரிலிருந்து காரைக்குடிக்கு வரும் சாலையில், கண்மாய்க் கரைகளும் பொட்டல்களும் மாறி மாறி வரும் சமதரையில், முதலில் பிள்ளையார்பட்டிப் பாறையும் சற்றுத் தள்ளிக் குன்றக்குடி மலையும் எழுந்து நிற்பதைக் காணலாம். அருகில் மலைத்தொடர் ஏதும் இல்லை. நிலம் மெல்ல மெல்ல உயர்ந்து மலையாவதும் இல்லை; தரை முடியும் இடத்தில் பாறை செங்குத்தாகத் தொடங்கிவிடுகிறது. இவ்வாறு சமநிலத்தில் தனித்து நிற்கும் பாறைக் குன்றையே நிலவியலார் ‘இன்செல்பெர்க்’ என்று வழங்குகின்றனர்.

இது ஜெர்மன் சொல். ‘இன்செல்’ என்றால் தீவு, ‘பெர்க்’ என்றால் மலை. வில்ஹெல்ம் போர்ன்ஹார்ட் என்ற ஜெர்மானிய நிலவியலாளர், இன்றைய தான்சானியாவை உள்ளடக்கிய கிழக்கு ஆப்பிரிக்கப் பகுதியை ஆராய்ந்து 1900இல் வெளியிட்ட நூலின் வழியே இச்சொல் நிலைபெற்றது. மொட்டையாகக் குவிந்து நிற்கும் வகைக்குப் பின்னாளில் அவர் பெயரையே ‘போர்ன்ஹார்ட்’ என்று சூட்டினார்கள். தென்னாப்பிரிக்காவில் இத்தகைய சிறு குன்றுக்கு ‘கொப்பி’ என்று பெயர்; அதற்குச் சிறுதலை என்பது பொருள்.

பள்ளிப் புவியியலில் இது காற்று அரிப்பின் விளைவாகவும் பாலைநிலத்துக்கு உரியதாகவும் சொல்லப்படுவதுண்டு. நம் பக்கத்துக் குன்றுகளுக்கு அந்த விளக்கம் பொருந்தாது. இங்கே வேலை செய்தது நீர். கிரானைட், நைஸ் முதலிய கடும்பாறைகளில் விரிசல்கள் நெருக்கமாக ஓடும் இடங்களில் மழைநீர் ஆழமாக இறங்கி, ஃபெல்ஸ்பார் கனிமத்தைக் களிமண்ணாக மாற்றி, பாறையை நிலத்துக்கு அடியிலேயே உதிர்மண் ஆக்கிவிடுகிறது. விரிசல் குறைந்த கட்டிப்பாறையோ அந்த மண்ணுக்குள் உளுத்துப் போகாமல் புதைந்து கிடக்கிறது. பிறகு பல இலட்சம் ஆண்டுகளாக மேல்மண் அரித்துச் செல்லச் செல்ல அது வெளிப்படுகிறது. ஆகவே குன்று மேலெழுந்தது என்பதைவிட, சுற்றுநிலம் தாழ்ந்தது என்பதே சரி.

மேலிருந்த பாரம் நீங்கியதும் பாறை விரிந்து, தன் மேற்பரப்புக்கு இணையாக ஏடு ஏடாகப் பிரியும். இத்தகைய பாறைச் சரிவில் கையை வைத்துப் பார்த்தால், விரற்கடைக் கனத்தில் ஒரு பொருக்கு விளிம்போடு எழும்பி நிற்பதையும், அதை விரற்கணுவால் தட்டினால் அடியில் வெற்றிடம் இருப்பதைச் சொல்லும் ஓசை எழுவதையும் அறியலாம். கல்தொழிலாளர்கள் பாறைமேல் நெருப்பு மூட்டிப் பலகைக்கல்லைப் பெயர்த்தெடுத்தது இந்த இயல்பை அறிந்துதான்.

இனித் தமிழ்ச்சொல். ‘தீவுமலை’ என்று நேராகப் பெயர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. கடல்நடுவே இருக்கும் மலை என்றே அதைக் கேட்பவர் கொள்வார். நம்மிடம் ‘குன்று’ இருக்கிறது. குன்றக்குடி என்ற ஊர்ப்பெயரே அதைத் தாங்கி நிற்கிறது. பேச்சில் அது ‘குன்னக்குடி’ ஆவதும், மலையாளத்தில் குன்று ‘குன்னு’ என்று ஒலிப்பதும் ஒரே வகைத் திரிபு. ‘குன்று’ என்பதே குறைதலைக் குறிக்கும் வினையாகவும் வரும். “குன்றின் அனையாரும் குன்றுவர் குன்றுவ குன்றி அனைய செயின்” என்ற குறள் (965) இந்த ஒலியொப்புமையை வைத்தே அமைந்தது. இரண்டும் ஒரே வேரில் பிறந்தவையா என்ற கேள்வி ஒருபுறம் இருக்க, தேய்ந்து குன்றிய நிலத்தில் எஞ்சி நிற்பதற்குக் குன்று என்ற பெயர் இத்தனை பொருத்தமாக அமைந்திருப்பதை எண்ணி நான் மகிழ்கிறேன்.

ஆனால் நீலகிரியின் மடிப்புகளில் உள்ள சிறு மேட்டையும் குன்று என்றே சொல்கிறோம். கலைச்சொல்லுக்கு வரையறை வேண்டும் என்பதால், இன்செல்பெர்க்கிற்குத் ‘தனிக்குன்று’ என்பதே தக்க சொல். மதுரை, தேனிப் பக்கம் ‘கரடு’ என்றும் நெல்லைச் சீமையில் ‘பொத்தை’ என்றும் வழங்கும் சொற்கள் சிறிய, கரடுமுரடான பாறைமேடுகளுக்கு உரியவை. கொப்பிக்கு இணையாக அவற்றை ஆளலாம். போர்ன்ஹார்டுக்கு ‘மொட்டைப்பாறை’ போதும். அதன் தலையில் மழைநீர் தங்கும் குழிக்குப் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை, அது சுனை.