உயிரிணக்கம் வேறு, நச்சின்மை வேறு

வெப்பநிலை உணர் பலபடிகளை (பாலிமர்களை) பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் ‘பயோகம்பேட்டிபிலிட்டி’ என்ற சொல்லை ‘நச்சின்மை’ என்றே பெயர்த்துவிடுகிறார்கள். இது பிழை, ‘உயிரிணக்கம்’ என்பதே தகும்.

‘பயோஸ்’ என்பது கிரேக்கத்தில் வாழ்வு. பிற்பாதி, உடன் துன்புறுதலைக் குறித்த இலத்தீன் வினையிலிருந்து பிறந்து, ஒத்துப்போதல் என்ற பொருளுக்கு வந்தது. ஒரு பொருள், குறித்த பயன்பாட்டில், உடலின் தகுந்த எதிர்வினையோடு செயலாற்றும் திறன் என்பது 1986-இல் இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் அறிஞர்கள் ஏற்ற வரையறை. அதில் நஞ்சு என்ற பேச்சே இல்லை.

பாலி-என்-ஐசோபுரோப்பைல்அக்ரிலமைடையே எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 32° செல்சியசுக்குக் கீழே நீரை ஏற்று விரியும் இப்பலபடி, அதற்கு மேலே நீரை விட்டுச் சுருங்கும். டோக்கியோ மகளிர் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் தெருவோ ஒகானோவின் குழுவினர், இதை மெல்லிய படலமாகப் பிணைத்த தட்டில் 37 பாகையில் உயிரணுக்களை வளர்த்து, பின்னர் வெறுமனே 32 பாகைக்குக் கீழே குளிரவைத்து, உயிரணுக்களின் ஒட்டுதலை அறுக்கும் டிரிப்சின் நொதியின் துணையின்றி முழுத்தாளாகப் பிரித்தெடுத்தனர். உயிரணுக்கள் சாகாமல், ஆனால் ஒட்டாமலும் மிதந்தால் அந்தத் தட்டு நச்சற்றதுதான், பயனோ இல்லை. ஒட்டிப் பெருகி, தம்முள் கொண்ட பிணைப்பு அறாமல் விடுபட வேண்டும் என்ற இவ்வளவையும் ‘நச்சின்மை’ எப்படித் தாங்கும்?

இன்னொரு கேடும் உண்டு. இப்பலபடியைக் கட்டும் சிற்றலகான ஒற்றைப்படி (மோனோமர்) உயிரணுக்களுக்குத் தீங்கானது; தூய்மைப்படுத்துகையில் எச்சம் தங்கினால் பலபடியின் மீதும் அப்பழி விழும். செறிவு, தொடுநேரம், உயிரணுவின் வகை ஆகியவற்றைக் கூறாமல் ‘நச்சற்றது’ என்று ஒரே சொல்லில் முடிப்பது, வாசகருக்குத் தரக்கூடாத உறுதிமொழியைத் தருவதாகும். பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓ மருத்துவக் கருவிகளுக்கு வகுத்த 10993 தரநிலைத் தொடரில் உயிரணு நச்சுச் சோதனை 5-ஆம் பகுதி மட்டுமே. குருதியோடு கொள்ளும் வினையும் ஒவ்வாமையும் தனிப் பகுதிகள். பகுதியின் பெயரை முழுமைக்குச் சூட்டுவது மொழிபெயர்ப்பாகாது.

சிலர் எழுதும் ‘உயிரிப் பாதுகாப்பு’ இதனினும் பிழை. அது கிருமிகளைக் கையாளும் ஆய்வகத்தின் காப்பு முறைகளுக்கு உரியது. தட்டில் வளரும் உயிரணுக்களை மட்டும் சுட்ட வேண்டுமானால் ‘உயிரணு இணக்கம்’ எனலாம். ‘நச்சின்மை’யையும் விலக்க வேண்டியதில்லை, சோதனையின் முடிவைச் சொல்லுமிடத்தில், அளவும் நேரமும் உடன்வர, அது நிற்கட்டும்.